தலைக்கவசமும் தவக்குலும்



இரண்டு மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின், என் தங்கையின் மகள் கியர் சைக்கிளிலிருந்து விழுந்தாள். பதினொன்றாம் வகுப்பு படிப்பவள். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றதற்காக அவளுடைய அத்தா வாங்கிக் கொடுத்த, பருத்த சக்கரங்கள் கொண்ட சைக்கிள் அது. திருவண்ணாமலையில் ஏரிக்கரையை ஒட்டிய மண் பாதையொன்றில் தம்பியோடு சென்றிருக்கிறாள். சரிவில் இறங்கும்போது சரளைக்கற்களைக் கண்டு பயந்து, முன் பிரேக்கை மட்டும் இறுகப் பிடித்துவிட்டாள். சக்கரம் வழுக்கியது. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, புருவத்துக்கு மேல் நான்கு தையல். தலையில் கவசம் இல்லை. அல்லாஹ்வின் அருளால் அதோடு போயிற்று.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்றிரவு, நலம் விசாரிக்க வந்த உறவினர்கள் சொன்னவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவற்றுள் மூன்று கருத்துகள் என் மனத்தைவிட்டு அகலவில்லை. "நடக்க வேண்டுமென்று எழுதப்பட்டிருந்தது, நடந்தது, தலைக்கவசம் போட்டிருந்தால் மட்டும் விதி மாறிவிடுமா?" என்றார் ஒருவர். "இனி அந்தச் சைக்கிளை விற்றுவிடுங்கள்" என்றார் இன்னொருவர். "பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்றார் மூன்றாமவர்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுடைய தம்பியும் ஏறத்தாழ அதே இடத்தில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டான். அன்று எவரும் சைக்கிளை விற்கச் சொல்லவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, "ஆம்பிளைப் பிள்ளை, விழுந்து எழுந்தால்தான் பழகும்" என்றார்கள். சொன்னவர்களில் நானும் ஒருவன். அந்த நினைவு உறுத்தியதால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் விதியைப் பற்றிய பேச்சை எடுத்துக்கொள்வோம்.

நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே நடக்கின்றன என்பது நம் ஈமானின் பகுதி. அதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், அந்த நம்பிக்கையை முன்வைத்து முன்னெச்சரிக்கையைக் கைவிடலாம் என்று நமக்கு எவரும் கற்பிக்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கட்டுமா, அவிழ்த்துவிட்டு நம்பிக்கை வைக்கட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டுமாறும் அதன்பின் அல்லாஹ்வைச் சார்ந்திருக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாம் அனைவரும் அறிவோம். அனஸ் (ரலி) அவர்கள் வழியாகத் திர்மிதியில் பதிவாகியுள்ள அந்த ஹதீஸை எத்தனையோ ஜும்ஆ உரைகளில் கேட்டிருக்கிறோம். ஆனால், சைக்கிளை எடுக்கும் பிள்ளையின் தலையில் ஒரு கவசத்தை மாட்டும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

நபியவர்களின் வாழ்வையே பாருங்கள். உஹதுப் போரில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கவச உடைகளை அணிந்திருந்தார்கள். ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது அந்நகருக்குள் நுழைந்த வேளையில் அவர்களின் தலையில் இரும்புத் தலைக்கவசம் இருந்ததாக அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. அல்லாஹ்வின் மீது அவர்களைவிட அதிகமாகத் தவக்குல் வைத்தவர் எவருமில்லை. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்து, கவச உடை செய்யும் கலையைக் கற்றுக்கொடுத்ததை அல்லாஹ் தன் அருட்கொடைகளில் ஒன்றாகக் குர்ஆனில் எடுத்துரைக்கிறான் (21:80, 34:10-11). அதன் வளையங்களைச் சரியான அளவோடு அமைக்கும்படி கட்டளையும் இருக்கிறது. அரைகுறையான பாதுகாப்பு போதாது, அளவறிந்து செய்ய வேண்டும் என்ற பாடத்தையும் அதில் நான் காண்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே உஹதில் நபியவர்களின் முகத்தில் காயம் ஏற்பட்டது, பல் உடைந்தது, தலைக்கவசமும் நசுங்கியது. கவசம் அணிந்தவருக்கு எதுவும் நேராது என்ற உத்தரவாதம் இல்லை. நம்மால் இயன்றதைச் செய்துவிட்டு விளைவை அவனிடம் விடுவதே நம் கடமை. சிரியாவை நோக்கிச் சென்ற உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து திரும்ப முடிவெடுத்தபோது, விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) பதிலளித்தார்கள். தலைக்கவசத்துக்கும் இதே பதில் பொருந்தும். அடிபடுவது விதி என்றால், அடியைத் தாங்கும் கவசம் நம் கைக்கு எட்டும்படி அமைந்திருப்பதும் விதிதான்.

இரண்டாவது பேச்சு, சைக்கிளை விற்றுவிடுவது பற்றியது.

நபி (ஸல்) அவர்களும் மதீனாவில் ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்திருக்கிறார்கள். வலப்புற உடல் சிராய்த்து, நின்று தொழ இயலாமல் உட்கார்ந்தே தொழுதார்கள். நலம் விசாரிக்கத் தோழர்கள் வந்தார்கள். இதுவும் அனஸ் (ரலி) வழியாகப் புகாரியில் பதிவாகியுள்ளது. உட்கார்ந்து தொழுவதன் சட்டங்களை விளக்கவே இந்த ஹதீஸை நாம் பெரும்பாலும் எடுத்துக்காட்டுகிறோம். ஆனால், விழுந்தவர்களுக்கும் இதில் ஆறுதல் இருக்கிறது. விழுவது இழிவன்று. காயம்பட்ட உடலுக்கு ஓய்வு கொடுப்பதும், இயலாததை இயலாது என ஒப்புக்கொண்டு உட்கார்ந்து தொழுவதும் மார்க்கம் தந்த சலுகை. அதேவேளை, அந்த வீழ்ச்சியோடு அவர்கள் வாகனமேறுவதை நிறுத்திவிடவில்லை. ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு இறுதி ஹஜ்ஜின்போதும் ஒட்டகத்தின் மீது அமர்ந்தே சென்றார்கள்.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் நிகழ்வும் நினைவுக்கு வருகிறது. தம்மால் குதிரையின் மீது நிலையாக உட்கார முடியவில்லை என்று அவர் நபியவர்களிடம் முறையிட்டார். வளர்ந்த ஆண்மகன், தம் குலத்தின் தலைவர். அவரை நபியவர்கள் நகைக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. அவருடைய நெஞ்சில் தட்டி, அவரை உறுதிப்படுத்துமாறு துஆ செய்தார்கள். அதன்பின் தாம் குதிரையிலிருந்து விழவேயில்லை என்று ஜரீர் (ரலி) கூறுகிறார். பயந்துபோன பிள்ளைக்கு முன்னால் பெற்றோர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. "இதற்கெல்லாமா பயம்?" என்று கேலி செய்வதும் தவறு, "சொன்னேனே, கேட்டாயா?" என்று குத்துவதும் தவறு. தோளில் கை வைத்து ஒரு துஆ செய்யுங்கள், போதும்.

மூன்றாவதாக ஒரு செய்தி. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து சனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல் தொலைவையும், பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஏறத்தாழ ஒரு மைலையும் எல்லையாக வைத்தார்கள். அறிவிப்பாளரான இப்னு உமர் (ரலி) அவர்களே அதில் பங்கேற்றவர். தகுதிக்கேற்ற தூரம் என்ற இந்த ஒழுங்கை நம் பிள்ளைகள் மீறுகிறார்கள், நாமும் கண்டுகொள்வதில்லை. சைக்கிள் வாங்கிய மறுவாரமே பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றிவருகிறார்கள். அடுத்த மாதம் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையில் நண்பர்களோடு போக அனுமதி கேட்கிறார்கள். அண்ணாமலையின் உயரம் 2,668 அடி. அதைக் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு ஜவ்வாது மலையின் வளைவுகள்மீது ஆசை வருவது இயல்பே. ஆனால், ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்தானது என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இனி, எதை வாங்குவது, எப்படி அணிவது என்பதைச் சொல்கிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளில் செல்பவர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. காவலர் நிறுத்திக் கேட்க மாட்டார். ஆகவே, கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

கையில் உள்ள பணம் குறைவு என்றால், முதலில் தலைக்கவசம், அடுத்துக் கையுறை, அதன்பின் முழங்கால், முழங்கைப் பட்டைகள் என்ற வரிசையில் வாங்குங்கள். அத்தாவின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் பிள்ளைக்கு மாட்டிவிடாதீர்கள். மிதிப்பவருக்கு அதன் கனமும் வெப்பமும் தாங்காது, சிறிது தூரத்திலேயே கழற்றிக் கைப்பிடியில் தொங்கவிட்டுவிடுவார். மிதிவண்டிக்கென்று செய்யப்பட்ட கவசத்தின் உள்ளே தெர்மகோல் போன்ற நுரை இருக்கும். அடி விழும்போது அந்த நுரை நசுங்கி அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஆகவே, ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். பிறர் பயன்படுத்திய கவசத்தை வரலாறு தெரியாமல் வாங்குவதும் இதனால்தான் தவறு.

கவசம் நெற்றியை மறைக்க வேண்டும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளிதான் இருக்கலாம். பக்கவாட்டு வார்கள் காதுக்குக் கீழே ஒன்றுசேர வேண்டும். தாடை வாருக்கும் தாடைக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம் போதும். கொக்கியைப் போடாமல் அணிந்த கவசம், விழும்போது தலைக்கு முன்பே தரைக்குப் போய்விடும்.

நம் பிள்ளைகளுக்கென்றே சில குறிப்புகள் உண்டு. ஹிஜாபின் மேல் கவசம் அணியும் பெண்கள், தலையில் ஊசி, கிளிப் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடிபட்டால் அவை தலைக்குள் குத்தும். மெல்லிய பருத்தியாலான, தலையோடு ஒட்டும் உள்முக்காடே ஏற்றது. கொண்டை உயரமாக இருந்தால் கவசம் சரியாக உட்காராது, ஆகவே கூந்தலைக் கழுத்துக்கருகே தாழ்த்திக் கட்ட வேண்டும். முக்காட்டின் முனைகளை மேலாடைக்குள் செருகிவிட வேண்டும். தொங்கும் துப்பட்டாவும் அகலமான கால்சட்டை விளிம்பும் சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்கினால், எத்தனை கவசம் அணிந்தும் பயனில்லை. தொளதொளப்பான நீண்ட மேலாடையும், கணுக்காலில் இறுகும் கால்சட்டையும் ஹயாவையும் காக்கும், உடலையும் காக்கும். ஆண் பிள்ளைகளும் தடித்த தொப்பியின் மேல் கவசத்தை அமர்த்தாமல், தொப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் வந்ததும் அணியலாம். செருப்பை விட்டுவிட்டு, விரல்களை மூடும் காலணியை அணிவது இருவருக்கும் பொது.

விழுகிறவர் தம்மையறியாமல் கையை ஊன்றுவார். கையுறை உள்ளங்கைத் தோலைக் காக்கும், ஆனால் மணிக்கட்டு எலும்பை முழுமையாகக் காக்காது. விழுந்தபின் கட்டைவிரலின் அடிப்பகுதியில் வலி நீடித்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் மீண்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். அங்குள்ள சிறிய எலும்பின் முறிவு சில நேரங்களில் தாமதமாகவே தெரியவரும். தலையில் அடிபட்ட பிள்ளைக்கு வாந்தி, கூடிவரும் தலைவலி, மயக்கம், குழப்பமான பேச்சு இவற்றுள் ஏதேனும் இருந்தால் ஓதிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஓதுவதை வழியில் ஓதலாம்.

உடல் குணமாகி, மருத்துவர் அனுமதித்தபின் அச்சத்தைக் கவனிக்க வேண்டும். கவசம் வாங்கிக் கொடுத்தாலே தைரியம் வந்துவிடாது. சிலருக்கு அது அளவுக்கு மீறிய தைரியத்தையும் கொடுத்துவிடும். உண்மையான தன்னம்பிக்கை, ஏன் விழுந்தோம் என்பதைப் புரிந்துகொள்வதில் தொடங்குகிறது. என் மருமகள், அதாவது தங்கை மகள், தனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில் அவளுக்குத் தெரியாதிருந்தது ஒன்றே ஒன்றுதான்: சரிவில் முன் பிரேக்கை மட்டும் திடீரென இறுக்கக் கூடாது. இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, மெல்ல மெல்லப் பிடிக்க வேண்டும், அதுவும் சரளை வருவதற்கு முன்பே. பயத்துக்கு ஒரு பெயர் கிடைத்ததும் அதன் பாதி பாரம் குறைந்துவிட்டது.

மீண்டும் தொடங்கும்போது பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலான தூரத்தை நினைவில் வையுங்கள். முதலில் சைக்கிளைக் கடையில் கொடுத்து, பிரேக், சக்கரத்தின் நேர்மை, கைப்பிடி ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். விழுந்த சைக்கிளை அப்படியே எடுத்து ஓட்டக் கூடாது. அடுத்து, சமதரையில், கால் தரையில் எட்டும்படி இருக்கையைத் தாழ்த்தி, ஒரு சுண்ணாம்புக் கோட்டில் நிற்கப் பழக வேண்டும். அது கைவந்தபின் சிறு சரிவு. சரிவில் இருக்கையைவிட்டுச் சற்று எழுந்து, இரண்டு மிதிகளையும் சமமாக வைத்து, முழங்கையையும் முழங்காலையும் தளர்த்தி, உடலைச் சற்றுப் பின்னுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கண் கல்லைப் பார்த்தால் சக்கரமும் கல்லுக்கே போகும். ஆகவே, போக வேண்டிய பாதையைப் பார்க்கக் கற்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பது தோல்வியன்று.

மூன்றாவது பேச்சுக்கு வருகிறேன். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?

கேட்டவரின் அச்சத்தை நான் புறந்தள்ளவில்லை. சாலைகள் எப்படிப்பட்டவை, கேலிப் பேச்சுகள் எப்படிப்பட்டவை என்பதைப் பெண்ணைப் பெற்ற எவரும் அறிவர். தனியே போகாமலிருப்பது, வெளிச்சம் உள்ள நேரத்தில் போவது, எங்கே போகிறாள் என்று வீட்டுக்குத் தெரிந்திருப்பது, இவையெல்லாம் நியாயமான நிபந்தனைகள். என் வாதம் ஒன்றுதான்: பெண் விழுந்ததைக் காரணம் காட்டி, வேறொரு மனக்குறையை நிறைவேற்றிக்கொள்ளக் கூடாது. விழுந்தது காரணமென்றால் தம்பியின் சைக்கிளையும் விற்க வேண்டும். அவனுக்குப் பயிற்சியும் பொறுமையும் போதுமென்றால் அவளுக்கும் அவையே போதும். பிள்ளைகளிடையே நீதியாக நடக்கும்படி நமக்குக் கட்டளை இருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முயற்சியால் பெண்களுக்குச் சைக்கிள் கற்பிக்கப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். அவர் சந்தித்தவர்களில் நம் சமுதாயப் பெண்களும் இருந்தார்கள். தமிழக அரசு 2001-ல் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டமும், தொடக்கத்தில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகவே வந்தது. பிறகுதான் அனைவருக்கும் விரிந்தது. பள்ளிப்படிப்பைத் தொடர அந்தச் சைக்கிள் எத்தனை வீடுகளில் உதவியது என்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஒட்டகமேறும் பெண்களில் சிறந்தவர்கள் குறைஷிப் பெண்கள் என்று நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்து கூறியதையும் இங்கே நினைவுகூர்கிறேன்.

நம் ஊரின் நிலையையும் மறக்கக் கூடாது. பௌர்ணமி நாள்களில் இலட்சக்கணக்கான சகோதர சமயத்தவர் வெறுங்காலோடு கிரிவலம் வருகிறார்கள். அந்நாள்களில் அந்தப் பாதையில் நம் பிள்ளைகள் சைக்கிளை ஓட்டிச் சாகசம் காட்டுவது அண்டை வீட்டார் உரிமைக்கு எதிரானது. மலைச்சரிவு வனத்துறையின் காப்புக்காடு. அனுமதியின்றி அங்கே சைக்கிளை ஏற்றக் கூடாது. பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று கற்றவர்கள், தாமே பாதையில் தொல்லையாக மாறலாமா?

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல்தோறும் புத்தக அலமாரி வைத்திருக்கிறோம், ஜனாஸாப் பெட்டி வைத்திருக்கிறோம். அவற்றோடு வெவ்வேறு அளவுகளில் பத்துத் தலைக்கவசங்களை வாங்கி வைத்து, வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு இரவலாகக் கொடுக்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஃபஜ்ருக்குப் பின், ஓட்டத் தெரிந்த பெரியவர்கள் மைதானத்தில் ஆண் பிள்ளைகளுக்கும், தாய்மார்கள் தனியே பெண் பிள்ளைகளுக்கும் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாம். ஜனாஸாப் பெட்டிக்கு ஆகும் செலவைவிட இது குறைவுதான்.

என் மருமகளின் மாவுக்கட்டை ஆறு வாரங்களுக்குப் பின் பிரித்தார்கள். அதற்குப் பிறகும் பல நாள்கள் அவள் சைக்கிளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சென்ற வாரம் தம்பி தன் கையுறைகளைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். மறுநாள் காலை அவளே வந்து, "மாமு, நீங்கள் கூட நடந்து வருவீர்களா?" என்று கேட்டாள். புதிய தலைக்கவசத்தின் வாரை நான் இறுக்கிவிட்டேன். வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை ஓதினாள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, பத்து மின்கம்பங்கள் தூரம், நடக்கும் வேகத்தில் ஓட்டினாள். இருமுறை காலை ஊன்றினாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நன்னி, சைக்கிளை விற்கச் சொன்னவர்களில் ஒருவர். "நாளைக்கும் கூட்டிப் போ" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

ஏரிக்கரைச் சரிவுக்கு இன்னும் நாளாகும். அவசரமில்லை. நம் பிள்ளைகளின் உடலையும் உள்ளத்தையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. அவர்களைப் பாதுகாக்கும் பொறுப்பில் நம்மைக் கவனமுள்ளவர்களாக ஆக்குவானாக. ஆமீன்.